உயர் இரத்த அழுத்தம் உள்ள குடும்பத்தில் உப்பை அளந்து பார்ப்பது எப்படி?

“அப்பாவுக்கு பி.பி. இருந்தது, தாத்தாவும் பக்கவாதத்தில்தான் போனார், எனக்கும் வரத்தான் செய்யும்” என்று சொல்பவரையும், “எங்கள் பரம்பரையில் யாருக்கும் கிடையாது, உப்பு என்னை ஒன்றும் செய்யாது” என்று சொல்பவரையும் சென்னையில் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரே தளத்தில் பார்க்கலாம். முதலாமவர் பரம்பரையின் மீது பாரத்தைப் போட்டுவிட்டு உப்பை மறந்துவிடுகிறார். இரண்டாமவர் பரம்பரையை நம்பி உப்பை மறந்துவிடுகிறார். ஆனால், உண்ட உப்பில் எவ்வளவு உடலில் தங்க வேண்டும், எவ்வளவு வெளியேற வேண்டும் என்று தீர்மானிக்கும் கருவிகளை உருவாக்குபவையே மரபணுக்கள் என்பதால், ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைப் பற்றிப் பேசுவதில் பொருள் இல்லை. இவ்விரண்டும் உங்கள் உடலில் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதை ஓர் உப்புப் பொட்டலம், ஒரு சமையலறைத் தராசு, மேற்கையில் கட்டும் ஓர் இரத்த அழுத்தக் கருவி ஆகிய மூன்றைக் கொண்டு ஆறு வாரங்களில் ஓரளவு அறிந்துகொள்ளலாம். அதற்கான வழிமுறையையே இங்கே எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒரு கண்டிப்பான வேண்டுகோள். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரக நோய் அல்லது இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், இரத்தத்தில் சோடியம் குறைந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அனுபவம் உள்ள முதியவர்கள் ஆகியோர் தங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே இதில் இறங்க வேண்டும். உப்பைக் குறைத்துவிட்டோம் என்ற துணிச்சலில் மாத்திரையை யாரும் தாமாக நிறுத்தக் கூடாது.

சிறுநீரகத்தில் நடப்பது என்ன?

நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதனுடன் வடிந்து வரும் சோடியத்தைச் சாப்பாட்டு உப்பாகக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ வரும். அதில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பங்கைச் சிறுநீரக நுண்குழாய்கள் மீண்டும் இரத்தத்துக்குள் இழுத்துக்கொள்கின்றன; நாம் அன்றைக்கு உண்ட சில கிராமுக்கு ஈடான அளவு மட்டுமே சிறுநீரில் போகிறது. ஒன்றரைக் கிலோவில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாக இழுக்கப்பட்டாலும் ஒரு நாளைக்கு ஒன்றரை கிராம் உப்பு உடலில் தங்கிவிடும். உப்பு தங்கினால் அதனுடன் நீரும் தங்கும், இரத்தத்தின் கன அளவு கூடும், நாளடைவில் குழாய்களும் இறுகும், அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறிய பிறகு, அந்த அழுத்தத்தின் உந்துதலாலேயே சிறுநீரகம் மிகுதி உப்பை வெளியே தள்ளுகிறது என்பதை அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் ஆர்தர் கைட்டன் விரிவாக விளக்கினார். அதாவது, உப்பை வெளியேற்றச் சிரமப்படும் சிறுநீரகம், அதே அளவு உப்பை வெளியேற்றுவதற்குக் கூடுதல் அழுத்தத்தை விலையாகக் கேட்கிறது. அந்த விலை ஒருவருக்குக் குறைவாகவும் இன்னொருவருக்கு அதிகமாகவும் இருப்பதில்தான் மரபணுக்களுக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

இதைத் தெளிவாகக் காட்டிய நோய் ஒன்று உண்டு. கிராண்ட் லிடில் என்ற மருத்துவர் 1963இல், இள வயதிலேயே கடுமையான இரத்த அழுத்தம் உடைய ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். நுண்குழாயின் கடைசிப் பகுதியில் சோடியத்தை உள்ளே விடும் ஒரு வாயில், மூட வேண்டிய நேரத்திலும் மூடாமல் திறந்தே கிடப்பதுதான் காரணம் என்பதும், அதற்கு ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட பிழை போதும் என்பதும் 1994இல் தெரியவந்தன. லிடில் முதலில் ஆராய்ந்த நோயாளிக்குப் பின்னாளில் சிறுநீரகம் செயலிழந்து, வேறொருவரின் சிறுநீரகம் பொருத்தப்பட்டபோது இரத்த அழுத்தமும் சீரடைந்தது. எலிகளிலும் இதே பாடம் கிடைத்தது. உப்புக்கு அழுத்தம் ஏறும் எலிகளையும் ஏறாத எலிகளையும் லூயிஸ் டால் தனித்தனி வமிசங்களாக வளர்த்து 1962இல் அறிவித்தார். 1970களில் சிறுநீரகங்களை அவற்றுக்கிடையே மாற்றிப் பொருத்தியபோது, உயர் அழுத்தமும் சிறுநீரகத்தோடு சேர்ந்தே இடம் மாறியது. உப்புக்கு எளிதில் வசப்படும் அந்த எலிகளுக்கும் உப்புக் குறைந்த தீனியைக் கொடுத்தால் அழுத்தம் அந்த அளவுக்கு ஏறவில்லை என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

லிடில் நோய் மிகவும் அரிது. நம்மில் பெரும்பாலோருக்கு ஒரே ஒரு மரபணு காரணமாக இருப்பதில்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுத் தகவல்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வின்போது, இரத்த அழுத்தத்தோடு தொடர்புடைய மரபணு இடங்களின் எண்ணிக்கை 900ஐத் தாண்டியது. அவற்றில் ஒவ்வொன்றும் அழுத்தத்தை மாற்றுவது பெரும்பாலும் ஒரு மி.மீ. (இரத்த அழுத்தத்தை அளக்கும் பாதரச அலகு) அளவுக்கும் குறைவே; பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தவை கூடும்போதுதான் வேறுபாடு தெரிகிறது. ஒரு சமூகத்தில் மனிதருக்கு மனிதர் காணப்படும் இரத்த அழுத்த வேறுபாட்டில் 30 முதல் 50 விழுக்காடு வரை மரபுவழி வருவதாகக் கணக்கிடப்படுகிறது. மீதியில் உப்பு, உடல் எடை, மது, உடலுழைப்பு, வயது ஆகியவை அடங்கும்.

உப்புக்கு எல்லோருடைய உடலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதை மைரன் வைன்பெர்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அடுத்தடுத்த நாள்களில் உப்பை ஏற்றியும் இறக்கியும் பார்த்தபோது, இரத்த அழுத்த நோயாளிகளில் 51 விழுக்காட்டினருக்கும், இயல்பான அழுத்தம் உடையவர்களில் 26 விழுக்காட்டினருக்கும் அழுத்தம் அதற்கேற்பக் குறிப்பிடத்தக்க அளவில் மாறியது. இதையே உப்பு உணர்திறன் என்கிறார்கள். வயது ஏற ஏற, மாதவிடாய் நின்ற பிறகு, எடை கூடும்போது, நீரிழிவோ சிறுநீரக நோயோ வரும்போது இந்த உணர்திறனும் கூடுகிறது. ஆகையால் முப்பது வயதில் “எனக்கு ஒன்றும் ஆகவில்லை” என்று கண்டது, ஐம்பத்தைந்து வயதுக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது.

எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் உங்கள் உப்பு உணர்திறனைச் சொல்லிவிடுவோம் என்று விளம்பரம் செய்யும் தனியார் மரபணுச் சோதனைகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. நூற்றுக்கணக்கான இடங்களின் சிறுசிறு பங்குகளில் நாலைந்தை மட்டும் பார்த்து, ஒருவர் எவ்வளவு உப்பு உண்ணலாம் என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பணத்துக்கு நல்ல இரத்த அழுத்தக் கருவி ஒன்றை வாங்கினால் குடும்பம் முழுவதற்கும் பயன்படும்.

முதல் வேலை: மூன்று தலைமுறைக் கணக்கு

ஒரு முழுத்தாளை எடுத்து, தாத்தா பாட்டி நால்வர், பெற்றோர், அத்தை, மாமா, சித்தப்பா, பெரியம்மா, உடன்பிறந்தோர் என்று எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் நேரே மூன்று செய்திகளைக் கேட்டு எழுத வேண்டும்: எந்த வயதில் இரத்த அழுத்தம் கண்டுபிடிக்கப்பட்டது, பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு வந்ததா, வந்திருந்தால் எந்த வயதில், எத்தனை மாத்திரைகள் எடுக்கிறார்கள். “தாத்தா திடீரென்று போய்விட்டார்” என்பதோடு பேச்சை விட்டுவிடாமல், கை கால் இழுத்ததா, நெஞ்சு வலித்ததா, எத்தனை நாள் படுக்கையில் இருந்தார் என்று பெரியவர்களிடம் பொறுமையாகக் கேளுங்கள். அந்தக் காலத்தில் பலருக்கு அழுத்தம் அளக்கப்படவே இல்லை என்பதால், இறந்த விதத்திலிருந்துதான் சிலவற்றை ஊகிக்க வேண்டியிருக்கும்.

அறுபது வயதுக்கு மேல் வந்த இரத்த அழுத்தத்துக்கும், முப்பதுக்குள் வந்ததற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. உங்கள் தாளில் ஒரே கிளையில் இரண்டு மூன்று பேருக்கு இள வயதிலேயே கடுமையான அழுத்தமோ பக்கவாதமோ வந்திருந்தால், அல்லது எவருக்கேனும் இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் தொடர்ந்து குறைந்து காணப்பட்டால், அந்தத் தாளை அப்படியே மருத்துவரிடம் காட்டுங்கள். லிடில் நோயைப் போன்ற ஒற்றை மரபணு நோய்களையும், அவற்றைவிடப் பல மடங்கு பரவலாகக் காணப்படும் அல்டோஸ்டிரோன் (உடலில் உப்பைத் தங்கவைக்கும் ஹார்மோன்) மிகைச் சுரப்பையும் தேடிப் பார்க்க வேண்டிய குடும்பங்கள் அவை. சரியான மருந்து கிடைத்தால் பெரும் மாற்றம் வரும்.

இங்கே அதிமதுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. கார்ட்டிசால் என்ற சுரப்பு, சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைக்கும் பொத்தானை அழுத்திவிடாதபடி தடுக்கும் நொதி ஒன்று உண்டு. அந்த நொதிக்கான மரபணுவின் இரு பிரதிகளும் பழுதடைந்து பிறக்கும் குழந்தைகளுக்குக் கடும் இரத்த அழுத்தம் வருகிறது; நெருங்கிய உறவில் திருமணம் செய்துகொள்ளும் குடும்பங்களில் இவ்வகை நோய்களுக்கான வாய்ப்பு கூடுதல். மரபணு நன்றாக உள்ளவர்களுக்கும் அதிமதுரத்தில் உள்ள கிளிசரைசின் அதே நொதியை முடக்கிவிடுகிறது. தொண்டைக் கரகரப்புக்கு ஒன்றிரண்டு நாள் சுவைப்பதில் பெரும்பாலோருக்குக் கவலை இல்லை. ஆனால் நாள்தோறும் அதிமதுரப் பொடியைக் கஷாயமாகக் குடிக்கும் பழக்கம், இரத்த அழுத்தம் உள்ள வீட்டில் இருக்கவே கூடாது.

இரண்டாம் வேலை: பொட்டலத்தின் மீது தேதி

உப்பை எவ்வளவு உண்கிறோம் என்று கேட்டால் எல்லோரும் “நாங்கள் கம்மியாகத்தான் போடுவோம்” என்றே சொல்கிறோம். நாக்கு தன் பழக்கத்தை அளவுகோலாகக் கொள்வதால், அதன் சாட்சியத்தை நம்ப முடியாது. எங்கள் பெரம்பூர் வீட்டில் அம்மா உப்பைக் கரண்டியால் அளந்ததே இல்லை. பீங்கான் ஜாடிக்குள் கையை விட்டு, ஐந்து விரல் நுனிகளால் கல் உப்பை அள்ளி, கொதிக்கும் சாம்பாரில் போடுவார். ஒரு நாள் அந்த அள்ளலைத் தராசில் இருந்த கிண்ணத்தில் போடச் சொன்னேன்: 9 கிராம். மறுநாள் 12 கிராம். மூன்றாம் நாள் அத்தை வந்திருந்த அவசரத்தில் அள்ளியது 14 கிராம். மூன்று நாளும் அதே பாத்திரம், அதே அளவுப் பருப்பு. மூன்று நாளும் சாம்பார் நன்றாக இருந்தது என்றுதான் சாப்பிட்ட அனைவரும் சொன்னோம்.

எனவே புதிய உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும் நாளன்று அதன் மீது தேதியை எழுதுங்கள். அது தீரும் நாளையும் எழுதுங்கள். நால்வர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு 25 நாளில் தீர்ந்தால், ஆயிரத்தை 25ஆல் வகுத்து மீண்டும் நான்கால் வகுக்க, ஆளுக்கு நாளொன்றுக்கு 10 கிராம் வரும். சிறு குழந்தைகளை அரை ஆளாகக் கொள்ளலாம். காய்கறி கழுவவும் வீடு துடைக்கவும் எடுக்கும் உப்பைத் தனியாக வையுங்கள். இல்லையென்றால் கணக்கு பிசகும். பொட்டலம் தீரும்வரை காத்திருக்க விரும்பாதவர்கள் ஜாடியை உப்போடு நிறுத்து, ஏழு நாள் கழித்து மீண்டும் நிறுத்துப் பார்க்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் வயது வந்தோருக்குப் பரிந்துரைக்கும் வரம்பு, எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 5 கிராமுக்குள். ஏறத்தாழத் தலை தட்டிய ஒரு தேக்கரண்டிப் பொடியுப்பு அவ்வளவு இருக்கும். சென்னை நகரவாசிகளிடம் நடத்தப்பட்ட க்யூர்ஸ் ஆய்வின் ஒரு பகுதியாக 2007இல் வெளியான கட்டுரை, இங்கே சராசரியாக ஒருவர் 8.5 கிராம் உண்பதாகவும், உப்பு கூடக் கூட உயர் இரத்த அழுத்தமும் கூடுதலாகக் காணப்பட்டதாகவும் தெரிவித்தது.

ஜாடியில் இருப்பது பாதிக் கணக்குதான். வெளியிலிருந்து வரும் உப்பைப் பிடிக்க, பொட்டலங்களின் பின்புறத்தில் உள்ள ஊட்டச்சத்து அட்டவணையைப் படிக்க வேண்டும். அதில் உப்பு என்று போடாமல் சோடியம் என்று மில்லிகிராமில் போட்டிருப்பார்கள்; அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. ஊறுகாய், அப்பளம், வற்றல், மோர் மிளகாய், கருவாடு, உடனடி நூடுல்ஸ், சாஸ், காரா பூந்தி, உப்பு பிஸ்கட் ஆகியவற்றை எல்லோரும் சந்தேகிப்பார்கள். ரொட்டியையும் இனிப்பு பிஸ்கட்டையும் யாரும் சந்தேகிப்பதில்லை. உப்புக் கரிக்காத சோடியமும் உண்டு. அப்பளத்தில் சேரும் அப்பளக் காரம், பஜ்ஜி மாவில் சேரும் ஆப்ப சோடா, வயிறு மந்தமாக இருக்கும்போது தண்ணீரில் கலந்தால் நுரைத்துக்கொண்டு வரும் பொடி ஆகிய மூன்றிலும் சோடியம் இருக்கிறது. ஒரு கிராம் ஆப்ப சோடாவில் மட்டும் சுமார் 270 மில்லிகிராம்.

துல்லியமாக அறிய விரும்புவோர் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து ஆய்வகத்தில் சோடியம் பார்க்கலாம். முடிவு மில்லிமோலில் வரும். 17ஆல் வகுத்தால் கிராம் கணக்கில் உப்பு. 170 என்று வந்தால் 10 கிராம். உண்ட உப்பில் பத்தில் ஒன்பது பங்கு சிறுநீரில்தான் போகிறது என்பதால் இதைவிட நம்பகமான கணக்கு வேறு இல்லை. ஆனால் ஒரு வேளைச் சிறுநீரைக்கூடத் தவறவிடாமல் பிடிக்க வேண்டும், ஆகவே விடுமுறை நாளில் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் வேலை: அழுத்தத்தைச் சரியாக அளப்பது

மணிக்கட்டில் கட்டும் கருவியைவிட மேற்கையில் கட்டுவது நம்பகமானது. பட்டை உங்கள் கையின் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும். பருத்த கையில் சிறிய பட்டையைக் கட்டினால் இல்லாத அழுத்தம் இருப்பதாகக் காட்டும். காபி குடித்து அரை மணி நேரம் கழிந்திருக்க வேண்டும், சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் படிய, கால் மேல் கால் போடாமல், கையை நெஞ்சின் உயரத்தில் மேசை மீது வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, சட்டைக் கையின் மேல் கட்டாமல் வெறுங்கையில் கட்டி அளக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். காலையில் மாத்திரைக்கும் சிற்றுண்டிக்கும் முன் ஒருமுறை, இரவு ஒருமுறை என்று ஏழு நாள் தொடருங்கள். முதல் நாள் அளவுகளை ஒதுக்கிவிட்டு மற்ற ஆறு நாள் அளவுகளின் சராசரியைக் காணுங்கள். மருத்துவமனையில் 140/90 என்பது நோயின் எல்லை என்றால், வீட்டில் எடுத்த சராசரிக்கு அது 135/85. கருவி இல்லாதவர்கள் அருகிலுள்ள மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அளந்துகொள்ளலாம்; 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீட்டுக்கே வந்தும் அளக்கிறார்கள்.

நான்காம் வேலை: ஒப்பிடுவது

முதல் வாரம் வழக்கம்போலச் சாப்பிட்டு, உப்பையும் அழுத்தத்தையும் அளங்கள். அடுத்த நான்கு வாரம் கீழே சொல்லும் முறையில் உப்பைக் குறையுங்கள். ஆறாவது வாரம், குறைத்த உப்பிலேயே இருந்துகொண்டு, மீண்டும் ஏழு நாள் அளங்கள். அந்த ஆறு வாரங்களிலும் மற்றவை மாறாமல் இருக்க வேண்டும். புதிதாக நடைப்பயிற்சியும் தொடங்கி, எடையையும் குறைத்து, உப்பையும் விட்டால் எதனால் இறங்கியது என்று தெரியாது. மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் எடுக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளே உப்பைத் தங்கவைத்து அழுத்தத்தை ஏற்றக்கூடியவை என்பதால், அளக்கும் வாரங்களில் அவற்றை எடுத்திருந்தால் நோட்டில் குறித்து வையுங்கள். எவ்வளவு ஏறுகிறது பார்ப்போம் என்று உப்பை வேண்டுமென்றே கூட்டிச் சோதிப்பதை மட்டும் யாரும் வீட்டில் செய்யக் கூடாது.

இவ்வளவு குறுகிய காலத்தில் மாற்றம் தெரியுமா என்ற ஐயம் எழலாம். அமெரிக்காவில் 50 முதல் 75 வயது வரையுள்ள 213 பேரை ஒரு வாரம் உப்பு மிகுந்த உணவிலும் ஒரு வாரம் உப்புக் குறைந்த உணவிலும் வைத்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், இரு வாரங்களுக்கும் இடையே மேல் அளவில் (140/90 என்பதில் முதலில் வரும் எண்) 8 மி.மீ. இறக்கம் காணப்பட்டது; ஏறத்தாழ நான்கில் மூவருக்கு அழுத்தம் இறங்கியது; மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் இறங்கியது. வீட்டில் நாம் அந்த அளவுக்குக் கறாராகக் குறைக்க மாட்டோம் என்பதால்தான் நான்கு வாரம் என்கிறேன்.

நானும் என் தங்கையும் ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டு இந்தக் கணக்கை எடுத்தோம். அவளுக்கு மேல் அளவின் சராசரி 138இலிருந்து 129க்கு வந்தது. எனக்கு 131இலிருந்து 128. பெற்றோர் ஒருவரே ஆனாலும் உடன்பிறந்தோர் மரபணுக்களில் சராசரியாகப் பாதியைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள். மீதிப் பாதியில் யாருக்கு எது வாய்த்தது என்பது ஒவ்வொருவருக்கும் வேறு. மூன்று மி.மீ. என்பது அன்றாட ஏற்ற இறக்கத்திலேயே மறையக்கூடியது. ஐந்துக்கு மேல் இறங்கினால் உப்பு உங்கள் அழுத்தத்தைப் பிடித்து இழுக்கிறது என்று ஏறத்தாழ நம்பலாம். எனக்குப் பெரிதாக இறங்கவில்லை என்பதற்காக நான் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. குடும்பத் தாளில் அப்பாவின் பெயருக்கு நேரே 43 என்ற வயது எழுதியிருக்கிறது. உணர்திறன் வயதோடு கூடும் என்றும் தெரியும்.

ஐந்தாம் வேலை: சமையலறையில் குறைப்பது

“உப்பில்லாப் பண்டம் குப்பையிலே” என்று பழகிய வீட்டில் ஒரே நாளில் பாதியாக்கினால் மறுநாளே சண்டை வரும். வாரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் படிப்படியாக இறக்குங்கள். நாக்கு சில வாரங்களில் பழகிக்கொள்ளும், அதன் பிறகு பழைய அளவே கரிக்கத் தொடங்கும். ஒவ்வொரு நாள் காலையிலும் அன்றைக்கு முழுவதும் பயன்படுத்த வேண்டிய உப்பை நிறுத்து, ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுவதுதான் நான் கண்டதிலேயே பயனுள்ள வழி. வெளி உப்பு ஆளுக்கு ஒன்றரை கிராம் என்று ஒதுக்கினால், நால்வருக்குக் கிண்ணத்தில் 14 கிராம் இருக்கலாம். அந்தக் கணக்கில் ஒரு கிலோ பொட்டலம் 70 நாள் வரும். இட்லி மாவுக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

சோறு வடிக்கும்போது உப்புப் போடும் வழக்கம் இருந்தால் அதை முதலில் விடுங்கள். சாம்பாரும் ரசமும் கலந்த பிறகு வேறுபாடு தெரியாது. ரசத்தில் புளியும் மிளகும் சற்றே தூக்கலாக இருந்தால் உப்புக் குறைவு மறைந்துவிடும். பொரியலில் உப்பை வேகும்போது போடாமல் இறக்கும்போது தூவினால் குறைந்த உப்பே நாக்கில் முன்னே நிற்கும். எலுமிச்சை, மாங்காய், கறிவேப்பிலை, இஞ்சி, வறுத்த சீரகம் ஆகியவை நம்மிடம் தாராளமாக இருக்கின்றன. மோரில் உப்புக்குப் பதிலாகப் பெருங்காயமும் கொத்தமல்லியும் போதும். தயிர்சாதத்துக்கு ஊறுகாய் தொட்டுக்கொள்பவர்கள், தட்டில் ஊறுகாயை வைக்காமல் விரலால் பாட்டிலில் ஒருமுறை மட்டும் தொட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லிப் பார்த்தேன், அது நடக்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் ஊறுகாய், மற்ற நாளில் உப்புக் குறைத்து அரைத்த துவையல் என்று மாற்றியது நிலைத்தது. பாட்டிலை மேசையிலிருந்து அலமாரிக்கு மாற்றியதும் உதவியது. சாப்பாட்டு மேசையில் உப்புக் கிண்ணம் இருக்கவே வேண்டாம்.

இந்துப்பும் இளஞ்சிவப்பு இமயமலை உப்பும் இரத்த அழுத்தத்துக்கு நல்லவை என்று நம்பி, இரு மடங்கு விலை கொடுத்து வாங்குபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அவையும் ஏறத்தாழ முழுக்க சோடியம் குளோரைடுதான். பெரும்பாலும் அயோடின் சேர்க்கப்படாதவை என்பதால் அந்த நன்மையும் போய்விடுகிறது. மரக்காணம் உப்பளத்திலிருந்து வரும் கல் உப்பும் கிராமுக்குக் கிராம் அதே உப்புதான்; ஒரு கரண்டியில் பொடியைவிடச் சற்றுக் குறைவாக அடங்கும், அவ்வளவே.

பொட்டாசியம் சோடியத்துக்கு எதிர்த் திசையில் வேலை செய்கிறது. சிறுநீரகம் சோடியத்தை வெளியேற்ற அது துணை புரிகிறது. கீரை, வாழைப்பழம், பருப்பு, இளநீர் ஆகியவற்றில் அது நிறைய உண்டு. சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பும் கிடைக்கிறது. தமிழ்நாடு உப்பு நிறுவனம் 2014இல் வெளியிட்ட அம்மா உப்பின் மூன்று வகைகளில் ஒன்று சோடியம் குறைந்த உப்பாகவே இருந்தது. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. ஆயினும் சிறுநீரக நோயாளிகளும், எனலாப்ரில், ராமிப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மருந்துகளை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது; பொட்டாசியம் மிஞ்சினால் இதயத் துடிப்பே தடுமாறும். நம் ஊரில் இரத்த அழுத்தத்துக்கு மிகுதியாகத் தரப்படும் மாத்திரைகளில் டெல்மிசார்டனும் ஒன்று என்பதால் இந்த எச்சரிக்கை பலருக்குப் பொருந்தும்.

அக்னி நட்சத்திர வெயிலில் வியர்த்துக் கொட்டும்போது உப்பைக் குறைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வீட்டிலும் அலுவலகத்திலும் இருப்பவர்களுக்குக் குறைத்த அளவே போதும்; உப்பு குறைந்தால் அதைச் சேமித்துக்கொள்ள உடலுக்குத் தெரியும். 52 ஊர்களில் நடந்து 1988இல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வில், பிரேசில் காட்டின் வெக்கையில் ஏறக்குறைய உப்பே இல்லாமல் வாழும் யனோமாமி மக்களின் சராசரி அழுத்தம் 96/61 என்று இருந்தது; வயதோடு அது ஏறவும் இல்லை. கட்டட வேலை, சுமை தூக்குதல், வெயிலில் நாள் முழுதும் வண்டி ஓட்டுதல் போன்ற உழைப்பில் இருப்பவர்களும், நீர் போவதற்கான மாத்திரை எடுக்கும் முதியவர்களும் மட்டும் வெயில் மாதங்களில் தங்கள் உப்பு அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். தலைசுற்றல், சோர்வு, குழப்பம் தோன்றினால் காத்திருக்க வேண்டாம்.

அளவு 180/120ஐத் தாண்டி, அதனுடன் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் நோட்டில் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள். சராசரி 135/85க்கு மேல் இருந்தால், ஆறு வாரக் கணக்கு முடியும்வரை காத்திராமல், குடும்பத் தாளோடும் நோட்டோடும் மருத்துவரைப் பாருங்கள். அதற்குக் கீழே இருந்தால், ஆண்டுக்கு ஒருமுறை அதே ஏழு நாள் அளவை எடுத்து அதே நோட்டில் எழுதுங்கள்.

உங்கள் கணக்கின் முடிவு உங்களோடு பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேண்டியது. ஆறு வாரம் முடிந்ததும் அண்ணனையும் தங்கையையும் தொலைபேசியில் கூப்பிட்டு, மூன்று தலைமுறைத் தாளைப் படமெடுத்து அனுப்பி, அவர்கள் வீட்டில் அடுத்துப் பிரிக்கும் உப்புப் பொட்டலத்தின் மீது அன்றைய தேதியை எழுதச் சொல்லுங்கள்.